நிறுத்தியது வலிப்பு மாத்திரை, கூடியது தூக்க மாத்திரை

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைக்கு அருகிலுள்ள ஒரு சிற்றூரிலிருந்து 41 வயதுச் சகோதரி ஒருவர் எழுதியிருக்கும் நீண்ட கடிதத்தை, அடையாளங்களை நீக்கிச் சுருக்கித் தருகிறேன். அவருடைய தாயாருக்கு வயது 67. ஏழாண்டுகளுக்கு முன் பக்கவாதம் வந்தது. கை, கால் பெரும்பாலும் தேறிவிட்டாலும் சில மாதங்களில் வலிப்பு தொடங்கியது. கோவையிலுள்ள நரம்பியல் மருத்துவர் எழுதிக் கொடுத்த கார்பமசெபின் மாத்திரையைக் காலையில் 200, இரவில் 400 மில்லிகிராம் என ஆறாண்டுகளாகச் சாப்பிட்டு வந்தார். கடைசி நான்காண்டுகளில் ஒருமுறைகூட வலிப்பு வரவில்லை. அந்தக் காலத்திலேயே தூக்கம் வராததற்காகப் பாலக்காட்டில் பார்த்த மனநல மருத்துவர் அல்பிரசோலம் 0.25 மில்லிகிராம் எழுதினார். அது போதவில்லை என்று 0.5 ஆகி, பிறகு 1 மில்லிகிராம் ஆனது. அந்த மருத்துவரிடம் போவது நின்று மூன்றாண்டுகள் ஆகின்றன. பழைய சீட்டைக் காட்டியே தெரிந்த மருந்துக் கடையில் மாத்திரையை வாங்கி வருகிறார்கள்.

சில மாதங்களுக்கு முன் தாயாருக்குக் களைப்பும் குமட்டலும் வந்து கோவையில் இரத்தப் பரிசோதனை செய்தபோது சோடியம் 124 என்று மிகக் குறைவாக வந்திருக்கிறது. கார்பமசெபின்தான் காரணம் என்று சொல்லி, அதை மூன்று வாரங்களில் படிப்படியாகக் குறைத்து நிறுத்திவிட்டு, லெவெடிரசெடம் 500 மில்லிகிராம் காலையும் இரவும் கொடுத்திருக்கிறார்கள். பழைய மாத்திரை முழுவதும் நின்று ஏறத்தாழ பத்து நாள் வரை தாயார் நன்றாகவே இருந்தார். அதன்பிறகு காலை பத்து மணியானாலும் எழுந்திருக்காமல் கிடப்பது, நாக்குக் குழறுவது, நடையில் தள்ளாட்டம் எனத் தொடங்கி, ஒன்பது நாட்களுக்கு முன் குளியலறையில் விழுந்து நிலைப்படியில் தலை இடித்துக்கொண்டார். புதிய ஃபிட்ஸ் மாத்திரை தாங்கவில்லை, அதைப் பாதியாக்கு என்கிறார் தாய்மாமா. மகளோ தூக்க மாத்திரையைக் கொடுக்காமல் விட்டுப் பார்த்திருக்கிறார். இரண்டாம் இரவு கை நடுக்கமும் படபடப்பும் வியர்வையும் கண்டு பயந்து, மூன்றாம் நாள் மறுபடி கொடுத்துவிட்டார். 'அம்மா தூக்க மாத்திரைக்கு அடிமையாகிவிட்டாரா, நான்தான் அடிமையாக்கிவிட்டேனா? பழைய மாத்திரைக்கே திரும்பிவிடலாமா? பக்கத்து மருத்துவர் லோரசெபம் என்ற வேறொரு தூக்க மாத்திரையை மாற்றித் தரலாம் என்கிறார், அது பாதுகாப்பானதா?' இவைதான் அவருடைய முக்கியமான கேள்விகள். சிறு கேள்விகளும் சில உண்டு.

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்தக் காயம்

மருந்துகளைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆனால் அதைப் படிப்பதற்கு முன் ஒன்றைச் செய்யுங்கள். உங்கள் தாயார் குளோபிடோக்ரல் சாப்பிடுகிறார் என்பதைக் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். இரத்தம் கட்டாமல் இருக்க மருந்து சாப்பிடும் 67 வயதுப் பெண் தலை அடிபட விழுந்து, அதற்குப் பிறகும் மந்தமாக இருக்கிறார் என்றால், மண்டையோட்டுக்கும் மூளைக்கும் நடுவில் இரத்தம் மெல்லக் கசிந்து சேர்ந்திருக்கிறதா என்று சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்த்தாக வேண்டும். இந்தக் கசிவு விழுந்த அன்றே தெரிய வேண்டும் என்பதில்லை. நாட்கள் கழித்தும் சில வாரங்கள் கழித்தும்கூட வெளிப்படும். வெளிக்காயம் ஆறிவிட்டது என்பது இதற்குப் பதிலாகாது. இன்றோ நாளையோ, பாலக்காடோ கோவையோ எது அருகில் இருக்கிறதோ அங்கே கொண்டுபோங்கள். தலைவலி கூடினாலோ, வாந்தி எடுத்தாலோ, ஒரு பக்கம் பலம் குறைந்தாலோ, எழுப்பினாலும் எழாமல் போனாலோ, வலிப்பு வந்தாலோ உடனே 108-ஐ அழையுங்கள்.

அங்கே போகும்போதே சோடியத்தை மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். கூடவே சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின், சர்க்கரை, சிறுநீர்ப் பரிசோதனை ஆகியவற்றையும் பார்ப்பது நல்லது, ஏனெனில் வயதானவர்களுக்குச் சிறுநீர்த் தொற்றுகூடக் குழப்பமாகவும் தூக்கமாகவும் வெளிப்படலாம். கை கால் வெட்டாமலேயே நடக்கும் வலிப்பும் உண்டு. அந்தச் சந்தேகம் மருத்துவருக்கு வந்தால் மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் இ.இ.ஜி. எடுப்பார். இவை எதுவும் இல்லை என்று உறுதியானால், நான் கீழே சொல்லப்போவதே பெரும்பாலும் காரணமாக இருக்கும் என்று உங்கள் கடிதத்திலுள்ள தேதிகளைப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுகிறது.

மாறாத மாத்திரை எப்படி மாறியது

'தூக்க மாத்திரையில் ஒரு மாற்றமும் இல்லை, அதே கம்பெனி, அதே அளவு, மூன்று வருடமாக அதே கடை, ஆகவே அது காரணமாக இருக்க முடியாது' என்று எழுதியிருக்கிறீர்கள். யாருக்கும் அப்படித்தான் தோன்றும், அதனால்தான் இது எளிதில் கண்ணில் படுவதில்லை. வாய்க்குள் போகும் அளவு மாறாமல் இருக்கும்போதே இரத்தத்தில் நிற்கும் அளவு மாறிவிட முடியும்.

உங்கள் சித்தூர் வட்டத்து ஏரிகளை எடுத்துக்கொள்ளுங்கள். மூலத்தறை அணையிலிருந்து வாய்க்காலில் ஒரே அளவு தண்ணீர் நாள்தோறும் வந்துகொண்டிருக்கிறது என்று வைத்துக்கொண்டாலும், ஏரியில் தண்ணீர் எவ்வளவு நிற்கும் என்பதைக் கீழே உள்ள மதகு எவ்வளவு திறந்திருக்கிறது என்பதும் சேர்ந்தே முடிவு செய்கிறது. அல்பிரசோலத்துக்கு அந்த மதகு, கல்லீரலிலும் குடல் சுவரிலும் உள்ள சி.ஒய்.பி. 3ஏ4 என்னும் நொதி, அதாவது என்சைம். மாத்திரையைச் சிதைத்து உடலிலிருந்து வெளியேற்றும் வேலையைப் பெரும்பாலும் இதுவே செய்கிறது. கார்பமசெபின் என்ன செய்கிறது என்றால், இந்த நொதியை உடல் வழக்கத்தைவிட மிகுதியாக உற்பத்தி செய்யும்படித் தூண்டிவிடுகிறது. மதகு அகலமாகத் திறந்துவிடுகிறது. அந்த வேகத்தில் கார்பமசெபின் தன்னைத்தானேகூடச் சிதைத்துக்கொள்கிறது. தொடங்கிய புதிதில் ஒரு வேளை மருந்து பாதியாகக் குறைய 25 முதல் 65 மணி நேரம் எடுக்கும் என்றால், சில வாரங்கள் தொடர்ந்து சாப்பிட்ட பிறகு அது 12 முதல் 17 மணி நேரமாகச் சுருங்கிவிடுகிறது. தன்னையே இப்படி விரட்டுகிற மருந்து, பக்கத்தில் இருக்கும் தூக்க மாத்திரையை விட்டுவைக்குமா?

விட்டுவைப்பதில்லை என்பது அளந்தே பார்க்கப்பட்டிருக்கிறது. ஒரு நாளைக்கு 300 மில்லிகிராம் கார்பமசெபினைப் பத்து நாள் கொடுத்துப் பார்த்தபோது, உடல் அல்பிரசோலத்தை வெளியேற்றும் வேகம் இரண்டு மடங்குக்கு மேல் கூடியது. இரத்தத்தில் அது பாதியாகக் குறையும் நேரம் 17.1 மணியிலிருந்து 7.7 மணியாகச் சுருங்கியது. உங்கள் தாயார் சாப்பிட்டதோ 600 மில்லிகிராம், ஆறாண்டுகள். ஆகவே 0.25 போதவில்லை, 0.5 போதவில்லை, 1 மில்லிகிராம் வேண்டும் என்று அவர் கேட்டதில் வியப்பில்லை. ஊற்ற ஊற்ற மதகு வழியாகப் போய்க்கொண்டிருந்தது. 'அடிமையாகிவிட்டாரா' என்ற உங்கள் கேள்விக்கு என் பதிலில் பாதி இங்கே இருக்கிறது. அளவு ஏறியதற்கு அவருடைய மனவுறுதியோ உங்கள் கவனக்குறைவோ காரணமாக இருந்திருக்க வேண்டியதில்லை, வலிப்பு மாத்திரை அதைப் பின்னாலிருந்து கரைத்துக்கொண்டிருந்தது. மறுபாதியைப் பிறகு சொல்கிறேன், அது அவ்வளவு ஆறுதலானதல்ல.

இப்போது கார்பமசெபினை நிறுத்தியாயிற்று. மிகுதியாக உற்பத்தியான நொதி அன்றைக்கே காணாமல் போவதில்லை. இருப்பது சிறிது சிறிதாகக் கழிந்து பழைய அளவுக்கு இறங்க இரண்டு, மூன்று வாரம்வரை ஆகலாம். அதனால்தான் முதல் பத்து நாள் தாயார் நன்றாக இருந்தார். மதகு மெல்ல மூடிக்கொண்டே வந்தது, மேலே வரத்து மட்டும் அதே 1 மில்லிகிராம். ஆய்வில் கண்ட கணக்கையே அப்படியே வைத்துக்கொண்டால், இன்று அவர் சாப்பிடும் ஒரு மாத்திரை, முன்பு இரண்டுக்கும் மேற்பட்ட மாத்திரைகளைச் சாப்பிட்டது போன்ற அளவை இரத்தத்தில் ஏற்படுத்தும். இதை அப்படியே உங்கள் தாயாருக்குப் பொருத்திவிட முடியாது, அவர் வயதும் அளவும் வேறு. ஆனால் வயது இதைத் தணிப்பதில்லை, கூட்டவே செய்கிறது. இளையவர்களுக்குச் சராசரியாக 11 மணி நேரத்தில் பாதியாகும் அல்பிரசோலம், முதியவர்களுக்கு 16 மணி நேரம்வரை எடுத்துக்கொள்கிறது. இரவு ஒன்பதுக்குக் கொடுத்தது மறுநாள் மத்தியானம்வரை ஆளைக் கட்டிலில் அழுத்திப் பிடித்திருப்பது இப்படித்தான்.

புதிதாக ஒரு மாத்திரை சேர்ந்தால் எல்லோரும் அதைக் கவனிக்கிறோம், சந்தேகப்படுகிறோம், சீட்டில் அது எழுதப்பட்டிருக்கிறது. நிறுத்திய மாத்திரையின் பெயரோ எந்தச் சீட்டிலும் இருப்பதில்லை. ஆனால் உடலுக்கு அதுவும் ஒரு மாற்றம்தான். உங்கள் வீட்டில் ஒரே நேரத்தில் நடந்த மாற்றங்கள் இரண்டு. நீங்களும் மாமாவும் ஒன்றை மட்டுமே எண்ணியிருக்கிறீர்கள்.

புதிய மாத்திரைக்குப் பங்கே இல்லையா

இருக்கலாம். மாமாவின் சந்தேகத்தை நான் முழுவதும் தள்ளிவிடவில்லை. லெவெடிரசெடமும் தூக்கத்தையும் களைப்பையும், சிலருக்கு எரிச்சலையும் சிடுசிடுப்பையும் கொடுக்கும் மருந்துதான். ஆனால் அது பெரும்பாலும் மருந்து தொடங்கிய, அளவு ஏற்றிய முதல் சில வாரங்களில் தெரியும். உங்கள் தாயாருக்கு முழு அளவு தொடங்கி நான்கு வாரம் கழித்து, பழைய மாத்திரை நின்ற இரண்டாம் வாரத்தில்தான் சரிவு ஆரம்பித்திருக்கிறது. மேலும் இந்த மருந்து சி.ஒய்.பி. நொதிகளைத் தூண்டுவதுமில்லை, தடுப்பதுமில்லை. ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு எந்த மாற்றமும் இல்லாமல் சிறுநீரகம் வழியாக வெளியேறிவிடுகிறது. கிரியேட்டினின் பார்க்கச் சொன்னது இதற்காகவும்தான். சிறுநீரகம் மந்தமாக இருந்தால் லெவெடிரசெடம் தேங்கும், அப்போது அளவைக் குறைக்க வேண்டியிருக்கும். ஆனால் அந்தக் குறைப்பை அறிக்கையைப் பார்த்து மருத்துவர் செய்ய வேண்டுமே தவிர, நீங்கள் சமையலறையில் மாத்திரையை ஒடித்துச் செய்யக் கூடாது. நான்காண்டுகள் வலிப்பில்லாமல் இருந்தவருக்கு, இன்று இருக்கும் ஒரே வலிப்புத் தடுப்பு அதுதான்.

நிறுத்திப் பார்த்த அந்த இரண்டு இரவுகள்

நடுக்கம், படபடப்பு, வியர்வை ஆகியவற்றைப் பார்த்து நீங்கள் மறுபடி மாத்திரையைக் கொடுத்தது சரியான முடிவு. தெரியாமல் செய்தாலும் சரிதான். ஆண்டுக்கணக்கில் சாப்பிட்ட அல்பிரசோலத்தைத் திடீரென்று நிறுத்தினால், வலிப்பே இல்லாதவர்களுக்கும் வலிப்பு வரக்கூடும். ஏற்கெனவே வலிப்பு உள்ள உங்கள் தாயாருக்கு அந்த ஆபத்து பல படி கூடுதல். லெவெடிரசெடம் இருக்கிறதே, அது பார்த்துக்கொள்ளும் என்று எண்ண வேண்டாம், இந்த வகை வலிப்புக்கு அதை நம்பியிருக்க முடியாது.

நான் சொல்லாமல் வைத்திருந்த மறுபாதி இதுதான். அளவு ஏறியதற்கு வலிப்பு மாத்திரை காரணமாக இருந்தாலும், ஏறிய அளவை உடல் பழகிக்கொண்டுவிட்டது. இதை அடிமைத்தனம் என்று சொல்வது எனக்குப் பிடிக்காது. ஆசைப்பட்டுத் தேடிப்போய்ச் சாப்பிடுவது வேறு, மருத்துவர் எழுதியதைச் சாப்பிட்டு உடல் அதைச் சார்ந்துவிடுவது வேறு. உங்கள் தாயாருக்கு நடந்திருப்பது இரண்டாவது. அது வெட்கப்பட வேண்டிய ஒன்றல்ல, ஆனால் அவசரப்பட்டு அவிழ்க்கக் கூடிய முடிச்சும் அல்ல.

கூடுதல் மயக்கத்தில் அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோக நேர்ந்தால், 'வலிப்பு நோய் உண்டு, ஆண்டுக்கணக்கில் தினமும் அல்பிரசோலம் சாப்பிடுகிறார்' என்ற இரண்டையும் முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். இந்த வகைத் தூக்க மருந்தை முறிக்கும் ஃப்ளூமசெனில் என்ற ஊசி, இப்படிப்பட்டவர்களுக்கு வலிப்பைக் கிளப்பிவிடலாம் என்பதால், பணியில் இருக்கும் மருத்துவருக்கு அந்தத் தகவல் தேவை.

முன்னால் உள்ள வழிகள்

பழைய மாத்திரைக்குத் திரும்புவது எளிதான வழிபோலத் தெரியும். மதகை மறுபடி திறந்துவிட்டால் தூக்கம் தெளிந்துவிடும் என்பதும் உண்மைதான். ஆனால் கார்பமசெபினை நிறுத்தியதற்குக் காரணம் சோடியம் 124. அந்த அளவு இன்னும் இறங்கினால் குழப்பமும் வலிப்பும் அதனாலேயே வரும். அல்பிரசோலம் சரியாகக் கரைய வேண்டும் என்பதற்காக, சோடியத்தைக் குறைக்கும் மருந்தை மீண்டும் தொடங்குவதில் எனக்குச் சம்மதமில்லை. கோவை மருத்துவரும் சம்மதிக்க மாட்டார் என்றே நினைக்கிறேன்.

நான் விரும்பும் வழி, இரத்தத்தில் நிற்கும் அல்பிரசோலத்தை முதலில் அவருடைய உடல் பழகியிருந்த பழைய மட்டத்துக்குக் கொண்டுவந்துவிட்டு, அங்கிருந்து மிக மெதுவாக இறக்குவது. இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. வழக்கமாக ஆண்டுக்கணக்கில் சாப்பிட்டவருக்கு இத்தகைய மாத்திரையைக் குறைக்கும்போது, ஒரு முறைக்கு ஐந்து முதல் பத்து விழுக்காடு, இரண்டு முதல் நான்கு வார இடைவெளியில் என்று தொடங்குவோம். ஆனால் உங்கள் தாயாருக்கு இரத்த அளவு அண்மையில்தான் கூடியிருக்கிறது. ஆகவே முதல் படி சற்றுப் பெரிதாக இருக்கலாம், அதற்குப் பிறகான படிகள்தான் சிறிதாக இருக்க வேண்டும். முதல் படி எவ்வளவு பெரியது என்பதை அவரை நேரில் பார்த்து, எவ்வளவு மயக்கம், எவ்வளவு நடுக்கம் என்று சோதித்த மருத்துவர்தான் சொல்ல முடியும். கடிதத்தைப் படித்துவிட்டு மில்லிகிராம் கணக்கில் நான் எண்ணைச் சொன்னால் அது பொறுப்பில்லாத செயல். அல்பிரசோலத்தின் இரத்த அளவைச் சாதாரண ஆய்வகங்களில் பார்ப்பதில்லை என்பதால், ஆளைப் பார்த்துத்தான் அளவை முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

லோரசெபம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அது சி.ஒய்.பி. 3ஏ4 வழியாகப் போவதில்லை. கல்லீரல் அதை குளுகுரோனிக் அமிலத்துடன் பிணைத்து வெளியேற்றுகிறது. லெவெடிரசெடத்துடன் அதற்கு வளர்சிதை அளவில் மோதல் ஒன்றும் இல்லை. ஆனால் நாளைக்கு லெவெடிரசெடம் ஒத்துக்கொள்ளாமல் வால்ப்ரோயேட் என்ற இன்னொரு வலிப்பு மருந்துக்கு மாற்றினார்கள் என்று வைத்துக்கொள்வோம். வால்ப்ரோயேட் அந்தப் பிணைப்பைத் தடுத்து லோரசெபத்தைத் தேங்கவைக்கும், இரண்டையும் சேர்த்துக் கொடுக்கும்போது லோரசெபத்தின் அளவை ஏறத்தாழப் பாதியாக்க வேண்டும் என்பதே நடைமுறை. கார்பமசெபின் போலவே மதகைத் திறந்துவிடும் வேறு வலிப்பு மருந்துகளும் உண்டு. ஃபெனிடாயின், கார்டினால் என்ற பெயரில் பலரும் அறிந்த ஃபீனோபார்பிடால் ஆகியவை அப்படிப்பட்டவை. ஆகவே 'வலிப்பு மாத்திரையோடு தூக்க மாத்திரை சாப்பிடலாமா' என்ற கேள்விக்குப் பொதுவான பதில் கிடையாது, எந்த மாத்திரையோடு எந்த மாத்திரை என்றுதான் கேட்க வேண்டும். இந்த மாற்றம் சில இணைகளில் மிகப் பெரிது. வாய்வழி கொடுத்த மிடசோலம் என்ற தூக்க மருந்து, கார்பமசெபினோ ஃபெனிடாயினோ சாப்பிடுபவர்களின் இரத்தத்தில் மற்றவர்களுக்குச் சேர்வதில் ஆறு விழுக்காடு அளவுக்குக்கூடச் சேரவில்லை என்று கண்டிருக்கிறார்கள். எப்படியும், 67 வயதில் விழுந்து எழுந்தவருக்கு ஒரு தூக்க மாத்திரைக்குப் பதில் அதே வகையில் இன்னொன்று என்பது எனக்கு உவப்பான மாற்றமல்ல. லோரசெபமும் அதே தள்ளாட்டத்தைத் தரக்கூடியதே.

மதகு மூடியதால் கூடியிருக்கக்கூடிய மற்றவை

நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் சொல்லியாக வேண்டும். இரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின், கொழுப்புக்கு அடோர்வாஸ்டாடின் சாப்பிடுவதாக எழுதியிருக்கிறீர்கள். இரண்டும் அதே நொதி வழியாகக் கரைபவை. ஆறாண்டுகளாகக் கார்பமசெபின் இவற்றையும் இறக்கி வைத்திருந்திருக்கும், இப்போது இவையும் ஏறியிருக்கலாம். எனவே படுத்த நிலையிலும், எழுந்து நின்று மூன்று நிமிடம் கழித்தும் இரத்த அழுத்தத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். எழுந்தவுடன் அழுத்தம் சரிவதும் குளியலறையில் விழுவதற்கு ஒரு காரணம். தசை வலி புதிதாக வந்திருக்கிறதா என்றும் கேளுங்கள். படர்தாமரைக்கு இட்ராகோனசோல் மாத்திரையோ, சளிக்குக் கிளாரித்ரோமைசினோ யாராவது எழுதினால், அவை இந்த நொதியைத் தடுப்பவை என்பதை நினைவில் வைத்து, அல்பிரசோலம் சாப்பிடுவதை அங்கே சொல்லிவிடுங்கள். பாதி மூடிய மதகை அவை இன்னும் அடைத்துவிடும்.

இரண்டு சீட்டு, இரண்டு மாநிலம்

'கோவை டாக்டர் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. தூக்க மாத்திரை ஒரு மருந்தா என்று விட்டுவிட்டோம்' என்ற உங்கள் வரியை எல்லைப் பகுதிக் குடும்பங்களிடம் நான் திரும்பத் திரும்பக் கேட்கிறேன். வேலந்தாவளம் வழியாகக் கோவைக்குப் போகும்போது கோவைச் சீட்டு மட்டும் கைப்பையில் இருக்கிறது. பாலக்காட்டுச் சீட்டு வீட்டு அலமாரியில் தங்கிவிடுகிறது. ஒரு கடையின் உறையில் வேளை மலையாளத்திலும், இன்னொன்றில் தமிழிலும் எழுதப்பட்டிருக்கிறது. தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த தாயார் நிறத்தை வைத்தே மாத்திரையை அடையாளம் காண்கிறார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். இது முதலில் மாற வேண்டும். ஒரே தாளில், தமிழில், எல்லா மாத்திரைகளின் மருந்துப் பெயர், அளவு, வேளை, தொடங்கிய தேதி ஆகியவற்றை எழுதுங்கள். தாளின் கீழ்ப்பாதியில் நிறுத்திய மாத்திரைகளையும் நிறுத்திய தேதியையும் எழுதுங்கள். கார்பமசெபினின் பெயர் அந்தக் கீழ்ப்பாதியில்தான் வர வேண்டும், எந்த மருத்துவரிடம் போனாலும் அதையும் காட்ட வேண்டும்.

பழைய சீட்டில் மாத்திரை வாங்குவது பற்றி. அல்பிரசோலம் ஹெச்1 அட்டவணையில், அதாவது மருத்துவர் சீட்டோடு மட்டுமே விற்க வேண்டிய, கூடுதல் கட்டுப்பாடுள்ள மருந்துகளின் பட்டியலில் உள்ள மருந்து. அந்த அட்டவணை நடைமுறைக்கு வந்த 2014 மார்ச் 1 முதல், மருத்துவர் பெயர், நோயாளி பெயர், கொடுத்த அளவு ஆகியவற்றைக் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டுகள் வைத்திருக்க வேண்டும். கேரளத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் விதி ஒன்றுதான். உங்கள்மேல் குற்றம் சுமத்த இதைச் சொல்லவில்லை. தெரிந்த கடைக்காரர் உதவுவதாகவே நினைத்திருப்பார். ஆனால் அந்த உதவியால் மூன்றாண்டுகள் இந்த மாத்திரை எந்த மருத்துவர் கண்ணிலும் படாமல் போயிற்று.

யார்மீதாவது புகார் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் எழுதியதிலிருந்து, இரு மருத்துவர்களும் தத்தம் முன்னால் இருந்த தாளை வைத்துச் சரியாகவே முடிவெடுத்திருக்கிறார்கள். புகாரைவிட ஆவணங்கள் உங்களுக்கு இப்போது பயன்படும். எழுத்துமூலம் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவுகளைத் தர வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நடத்தை விதிமுறை. கோவையில் சோடியம் அறிக்கையையும் மருந்து மாற்றிய குறிப்பையும் கேட்டு வாங்குங்கள். நடந்ததை இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் நீங்களே தெரிவிக்கவும் செய்யலாம். மருந்து விளைவுகளைத் தொகுப்பதற்காக உள்ள ஏற்பாடு அது, யார்மீதும் நடவடிக்கை எடுப்பதற்கானதல்ல.

மாத்திரையைக் குறைக்கும் காலத்தில் வைத்தியசாலையிலிருந்து அசுவகந்தாரிஷ்டம் என்ற ஆயுர்வேத மருந்தை வாங்கித் தரலாமா என்று ஒரு கேள்வி. இப்போது வேண்டாம். அரிஷ்டங்களில் புளிப்பினால் தானே உருவாகும் சாராயம் ஐந்து முதல் பத்து விழுக்காடுவரை இருக்கும். அல்பிரசோலத்தோடு அது சேர்வது நல்லதல்ல. சங்குபுஷ்பி என்ற மூலிகை சேர்ந்த மருந்து ஃபெனிடாயினின் இரத்த அளவைக் குறைத்ததாகவும் பதிவுகள் உண்டு, ஆகவே மூலிகை என்பதால் வலிப்பு மாத்திரையோடு மோதாது என்று சொல்ல முடியாது. வைத்தியரிடம் போவதை நான் தடுக்கவில்லை. அந்த ஒற்றைத் தாளை அவரிடமும் காட்டுங்கள்.

கடைசியாக, அம்மாவைத் தனியாகக் குளியலறைக்கு விடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு வேண்டாம். இரவில் கட்டிலுக்கருகே விளக்கு எரியட்டும், உள்தாழ்ப்பாளைக் கழற்றிவிடுங்கள், உட்கார்ந்து குளிக்க முக்காலி போடுங்கள், எழுந்ததும் ஒரு நிமிடம் கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டு நடக்கச் சொல்லுங்கள். அளவைக் குறைக்கும் முதல் படி முடிந்து, காலை எட்டு மணிக்குத் தானாக எழுந்து, பேச்சுக் குழறாமல், பிடிமானமின்றி வாசல்வரை நேராக நடந்து திரும்புகிறார் என்று ஒரு வாரம் தொடர்ந்து பார்த்த பிறகு, முதலில் பகலில் மட்டும் தனியாகப் போகவிடுங்கள்.